தவணையில் வந்த அப்பா

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. "மண்டபம் எங்க செலவு, சாப்பாடு எங்க செலவு. வீடியோ மட்டும் நீங்க பாத்துக்குங்க" என்று பெண் வீட்டார் பெருந்தன்மையாகச் சொன்னபோது, ஆஹா, லாபம் என்றுதான் நினைத்தேன். நான் பி.காம். படித்தவன். முதல் பக்கத்தில் லாபம் மாதிரித் தெரிவதெல்லாம் கடைசிப் பக்கத்தில் எங்கே போய் உட்காரும் என்று எனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் கல்யாணத்துக்கு ஒரு வீடியோக்காரர் போதாது. 'ட்ரெடிஷனல்' என்று ஒருவர், 'கேண்டிட்' என்று இன்னொருவர். தாலி கட்டுவதை எடுப்பவர் ட்ரெடிஷனல். தாலி கட்டும்போது மூக்கை உறிஞ்சும் அத்தையை எடுப்பவர் கேண்டிட். இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் அட்வான்ஸ் வாங்க வந்து சேர்ந்ததுதான் வினை.

ட்ரெடிஷனல்காரருக்கு ஐம்பது வயசிருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா. "சார், வழக்கம்போல 50 ஐ-ல எடுத்துடறேன். மண்டபத்து எல்.இ.டி. திரைக்கும் அதான் சரியா வரும்" என்றார்.

கேண்டிட் தம்பி கொண்டையைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். (கொண்டை அவருடையதுதான்.) "என்ன அங்கிள், நாம என்ன 'வயலும் வாழ்வும்' ப்ரோக்ராமா எடுக்கறோம்? 24 பி வைங்க சார். அப்பத்தான் சினிமா லுக்."

"24 பி-ல பந்தியை எடுத்தா, பரிமார்றவங்கள்லாம் தத்தித் தத்தி நடப்பாங்க தம்பி."

"50 ஐ-ல எடுத்து யூட்யூப்ல போட்டா, மாப்பிள்ளை மீசை கோடு கோடாத் தெரியும் அங்கிள்."

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். 'பி' என்றால் எனக்குத் தெரிந்தது பைசா. 24 பைசாவை விட 50 பைசா பெரிசு என்ற அளவில்தான் என் ஞானம்.

போதாக்குறைக்கு நியூ ஜெர்சி அத்தான் வாட்ஸப்பில் வந்தார். "ரெண்டுமே வேண்டாம். 30 பி வை. நான் வரும்போது நம்ம கேமராவையே கொண்டாந்துடறேன்."

மனைவியைக் கேட்டேன். "எது சீப்போ அதை வைங்க" என்றாள். மூன்றும் ஒரே ரேட். விலை ஒன்றாக இருந்து, நானாக யோசித்து முடிவெடுக்க வேண்டி வந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: "எதையாவது வை. அப்பா கேசட்டு மாதிரி ஆக்கிடாதே."

அதற்கப்புறம்தான் நான் இந்த விஷயத்தை சீரியஸாக எடுத்துக்கொண்டேன்.

* * *

அந்தக் கேசட் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1993-ல் சித்தி கல்யாணம். தோளில் வைத்து எடுக்கிற வி.ஹெச்.எஸ். கேமரா. பக்கத்திலேயே லைட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன். அந்த வெளிச்சம் முகத்தில் பட்டதும் எல்லாரும் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுவார்கள். மூன்று மணி நேரக் கேசட்டில் இரண்டேகால் மணி நேரம், பேர் தெரியாதவர்கள் கையில் சுவர்க் கடிகாரத்தோடு நிற்கிறார்கள். மணமக்களின் முகம் தாமரைக்குள்ளிருந்து சுழன்று சுழன்று வருகிறது. அப்பா வருவது 40 செகண்ட்.

அப்பாவுக்குக் கேமரா என்றாலே கூச்சம். பந்தியில் பாயச வாளியோடு வருகிறார். கேமராவைப் பார்த்ததும், கரண்டி பிடித்த கையாலேயே 'என்னை விடு, அங்கே எடு' என்று சைகை காட்டுகிறார். சிரிக்கிறார். இரண்டு இலைக்குப் பரிமாறுகிறார். போய்விடுகிறார். 2006-ல் நிஜமாகவே போய்விட்டார். ஃபோட்டோக்கள் இருக்கின்றன. ஆனால் அசைகிற அப்பா என்று எங்களிடம் இருப்பது அந்த 40 செகண்ட் மட்டும்தான்.

என் மகளுக்கு ஆறு வயசு. போன வருஷம் ஒருநாள், "தாத்தா எப்படி நடப்பாரு பாட்டி?" என்று கேட்டாள். அம்மா நடந்து காட்டப் பார்த்தாள். அப்பா சின்ன வயசில் சைக்கிளிலிருந்து விழுந்தவர். இடது காலை எடுத்து வைக்கும்போது ஒரு சின்ன இழுப்பு இருக்கும். தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். அது அம்மாவுக்கு வரவில்லை. "இரு, கேசட்ல காட்டறேன்" என்று ட்ரங்குப் பெட்டியைத் திறந்தாள். கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை. போட்டுப் பார்க்க வீட்டில் வி.சி.ஆரும் கிடையாது.

பழைய கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிற ஒரு கடையில் கொடுத்தேன். (பெயர் வேண்டாம். அந்தத் தெரு வழியாகத்தான் இன்னமும் பால் வாங்கப் போகிறேன்.)

முதலில் ஒரு ஃபைல் கொடுத்தார்கள். அப்பா சும்மா நிற்கிறவரை அப்பாவாக இருந்தார். கையை அசைத்தால் கை சீப்பாக மாறியது. ஓரமெல்லாம் பல் பல்லாகக் கோடு. போய்ச் சண்டை போட்டேன். "சரி பண்ணிடலாம் சார்" என்று இரண்டாவது ஃபைல். சீப்பு போய்விட்டது. ஆனால் ஒவ்வொரு கைக்கும் பக்கத்தில் ஆவி மாதிரி இன்னொரு கை. நாலு கையோடு அப்பா சாட்சாத் பெருமாளாகக் காட்சி தந்தார். மறுபடி சண்டை. மூன்றாவது ஃபைலில் ஒரு அடி பின்னே, மூன்று அடி முன்னே என்று காவடி ஆடிக்கொண்டு வந்தார். நாலாவது, துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சீப்பு இல்லை, பெருமாள் இல்லை, காவடி இல்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு வெற்றியோடு வீட்டுக்கு வந்து டி.வி.யில் போட்டேன்.

அம்மா முழுசாகப் பார்த்தாள். "இது அவர் நடை இல்லையேடா" என்றாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

* * *

இப்போது கல்யாண வீடியோ சாக்கில், பதினைந்து நாள் உட்கார்ந்து இந்த ஐ, பி விவகாரத்தைப் படித்தேன். படித்ததும் ஆச்சரியமாகிவிட்டது. இது சயின்ஸே இல்லை, சுத்தமான காமர்ஸ். பி.காமில் 'ஹையர் பர்ச்சேஸ்' என்று ஒரு பாடம் உண்டு. தவணை முறையில் வாங்குவது. அதேதான்.

பழைய பிக்சர் ட்யூப் டி.வி.யில் படம் என்பது, ஓர் எலெக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாக வரி வரியாகக் கோடு போட்டுக்கொண்டு போவது. போட்ட கோடு உடனே மங்க ஆரம்பித்துவிடும். செகண்டுக்கு 25 தடவை போட்டால் அசைவு தெரியும். ஆனால் திரை மினுக் மினுக்கென்று சிமிட்டி, பார்க்கிறவருக்குத் தலைவலி வரும்.

சினிமாவில் 24 படம்தானே, அங்கே ஏன் சிமிட்டவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ப்ரொஜெக்டரில் இருக்கும் ஷட்டர் ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை காட்டிவிடுகிறது. கண்ணுக்குக் கணக்கு 48. டி.வி.யால் அது முடியாது. வந்த படத்தை வைத்திருந்து இன்னொரு தடவை காட்ட அந்தக் காலத்து டி.வி.க்கு ஞாபக சக்தி கிடையாது. சரி, 50 முழுப் படமாகவே அனுப்பலாம் என்றால் அலைவரிசையில் இரண்டு மடங்கு இடம் வேண்டும். பட்ஜெட் இடிக்கிறது.

பட்ஜெட் இடித்தால் நாம் என்ன செய்வோம்? தவணை! முதல் தவணையாக 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை வரிகள். ஒரு செகண்டில் 50-ல் ஒரு பங்கு கழித்து, இரண்டாவது தவணையாக 2, 4, 6, 8 என்று இரட்டைப்படை வரிகள். செகண்டுக்கு 50 அரைப் படம். அனுப்புவது 25 படத்துக்கான சரக்கு. கண்ணுக்குத் தெரிவது 50 சிமிட்டல். இதுதான் இன்டர்லேஸ். 50 ஐ-யில் இருக்கிற 'ஐ' இதுதான். எல்லா வரியையும் ஒரே மூச்சில் ரொக்கமாக வைத்தால் ப்ரோக்ரெஸிவ், அதாவது 'பி'. நம் ஊர்க் கணக்கு 25, 50 என்று போவதற்குக் காரணம் நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 60. அதனால் அத்தானுக்கு எல்லாம் 30, 60.

ரொக்கமா, தவணையா என்ற சண்டையும் புதுசில்லை. 1936 நவம்பர் 2-ம் தேதி லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து பி.பி.சி. டெலிவிஷன் ஆரம்பித்தபோதே இரண்டு கட்சி. ஜான் லோகி பெயர்டின் கம்பெனி 240 வரி, செகண்டுக்கு 25 முழுப் படம் என்று ரொக்கக் கட்சி. மார்கோனி-ஈ.எம்.ஐ. 405 வரி, 50 அரைப் படம் என்று தவணைக் கட்சி. யாரைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் பி.பி.சி. ஒரு வாரம் இவர், ஒரு வாரம் அவர் என்று மாற்றி மாற்றி ஒளிபரப்பியது. கூட்டுக்குடும்பத்தில் மாமியார் மருமகள் சமையல் முறை மாதிரி. பெயர்டு தரப்பில் இன்னொரு கூத்து. ஸ்டூடியோவில் நடப்பதை ஃபிலிமில் எடுத்து, அங்கேயே ஒரு நிமிஷத்துக்குள் கழுவி, ஈரத்தோடேயே ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். 1937 தொடக்கத்திலேயே தவணைக் கட்சி ஜெயித்துவிட்டது.

அதற்குப்பின் அறுபது வருஷத்துக்கு மேல் டி.வி. உலகம் தவணையில்தான் ஓடியது. 1975-ல் சென்னைக்கு வந்த தூர்தர்ஷன், 1982-ல் வந்த கலர், 1993-ல் சித்தி கல்யாணக் கேசட், எல்லாமே 50 அரைப் படம்தான். மொத்தம் 625 வரி. அதில் படத்துக்கு உபயோகமாவது 576. ஒரு தவணைக்கு 288.

தவணையில் ஒரு வட்டியும் உண்டு. மெல்லிய குறுக்குக் கோடு ஒன்று ஒரே ஒரு வரியில் விழுந்தால், ஒரு தவணையில் அது இருக்கும், அடுத்ததில் இருக்காது. அதனால் பட்டுப்புடவையின் பொடி ஜரிகைக் கோடுகள், பொடிக் கட்டம் போட்ட சட்டைகள் எல்லாம் டி.வி.யில் நடுங்கும். சித்தி கல்யாணத்தன்று அப்பா போட்டிருந்தது அப்படி ஒரு சட்டை. "வேற போட்டுக்கச் சொல்லுங்கம்மா, இது டி.வி.ல ஆடும்" என்று வீடியோக்காரரே அம்மாவிடம் சொன்னாராம். அம்மா சொல்லி அப்பா எதைத்தான் கேட்டார்?

* * *

இனிமேல்தான் நான் ஏமாந்த இடம் வருகிறது.

இரண்டு தவணையும் ஒரே படத்தின் இரண்டு பாதி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. நடுவில் 50-ல் ஒரு பங்கு செகண்ட் ஓடிவிடுகிறது. அதற்குள் அப்பாவின் கை நகர்ந்துவிடும். ஒற்றைப்படை வரிகளில் கை இங்கே இருக்கும், இரட்டைப்படை வரிகளில் அங்கே இருக்கும். பிக்சர் ட்யூப்பில் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததால் வம்பில்லை. இன்றைய எல்.இ.டி. டி.வி., கம்ப்யூட்டர், ஃபோன் எல்லாமே ரொக்க வியாபாரிகள். முழுப் படமாகத்தான் வாங்குவார்கள். இரண்டு தவணையையும் ஒன்றாகத் தைத்து வைத்தால் டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆகாது. அந்த வித்தியாசம்தான் சீப்பு.

டேலி ஆகாத கணக்கை வைத்துக்கொண்டு ஒரு குமாஸ்தா என்னென்ன செய்வாரோ, அத்தனையும் அந்தக் கடைக்காரர் அப்பாவுக்குச் செய்திருந்தார். முதல் ஃபைலில் கணக்கை உள்ளபடியே கொடுத்துவிட்டார். இரண்டாவதில் இரண்டு தவணையையும் கூட்டி இரண்டால் வகுத்துவிட்டார். அதனால்தான் நாலு கை. மூன்றாவதில் தவணைகளின் வரிசையை மாற்றிவிட்டார். இது சகஜமாக நடக்கிற தப்பு. பழைய டிஜிட்டல் டேப் கேமராக்களில் கீழ் வரித் தவணை முதலில் வரும். ஹெச்.டி. ஒளிபரப்பில் மேல் வரித் தவணை முதலில் வரும். சாஃப்ட்வேரில் தப்பான பொத்தானை அமுக்கினால் நேரம் 2, 1, 4, 3 என்று ஓடும். ஒன்று பின்னே, மூன்று முன்னே. காவடி. நாலாவதில், டேலி ஆகாத பக்கத்தையே கிழித்துப் போட்டுவிட்டார். ஒரு தவணையை மொத்தமாகத் தூக்கி எறிந்து, மிச்சமிருந்த 288 வரியை 576-க்கு இழுத்துவிட்டார். பேஷாக டேலி ஆகிவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 செகண்ட். செகண்டுக்கு 50. அந்தக் கேசட்டில் அப்பா 2000 தடவை இருக்கிறார். ஒவ்வொன்றும் வேறு வேறு கணம். கடைக்காரர் துடைத்து மடித்துக் கொடுத்தது 1000. மிச்ச ஆயிரம் அப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டு, அதற்கு என்னிடம் பணமும் வாங்கியிருக்கிறார். நான் தாங்க்ஸ் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இடது கால் தரையில் படுவதற்கு முன் வருகிற அந்த இழுப்பு, கண் மூடித் திறக்கிற நேரம்தான். அதில் பாதியைப் பிடுங்கினால் என்ன மிஞ்சும்? அம்மா கண்டுபிடித்துவிட்டாள். பி.காம். கண்டுபிடிக்கவில்லை.

அவசரமாகப் பழைய பென் டிரைவைத் தேடினேன். நான் சண்டை போட்ட அந்த முதல் ஃபைல், சீப்பு ஃபைல், இன்னும் அதில் இருந்தது. நாலில் யோக்கியமானது அது ஒன்றுதான். இரண்டாயிரமும் அதில் பத்திரமாக இருந்தன. வி.எல்.சி. என்று ஒரு இலவச ப்ளேயர் இருக்கிறதே, அதில் 'டீஇன்டர்லேஸ்' என்பதை ஆன் செய்து, கீழே 'யாடிஃப் 2எக்ஸ்' என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒவ்வொரு அரைப் படத்தையும் தனித்தனியாக எடுத்து, விடுபட்ட வரிகளை அக்கம்பக்கத்து வரிகளையும் முன்பின் படங்களையும் பார்த்து நிரப்பி, செகண்டுக்கு 50 முழுப் படமாகக் காட்டும். செலவு: பூஜ்யம்.

உங்கள் வீட்டிலும் ட்ரங்குப் பெட்டியில் ஒரு கேசட் இருந்தால், கடைக்காரரிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: "சீப்பை நீங்க சரி பண்ண வேண்டாம். இன்டர்லேஸோட, 576 வரியும் அப்படியே குடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

* * *

மறுநாள் இரண்டு வீடியோக்காரர்களையும் வரச்சொல்லி, இட்லி வடை வாங்கிவைத்துப் பஞ்சாயத்தைக் கூட்டினேன். அத்தான் வீடியோ காலில்.

"அண்ணே, நீங்க சொன்னதுல பாதி சரி" என்றேன் ட்ரெடிஷனல்காரரிடம். செகண்டுக்கு 50 அசைவு என்பது சாதாரண விஷயமில்லை. மணிக்கு 144 கிலோமீட்டரில் வருகிற கிரிக்கெட் பந்து செகண்டுக்கு 40 மீட்டர் போகும். 25 படம் எடுத்தால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பந்து 1.6 மீட்டர் தாண்டியிருக்கும். 50 எடுத்தால் 80 சென்டிமீட்டர். பந்திக்கும், ஜானவாச ஊர்வலத்துக்கும், மண்டபத்தில் ஓடுகிற குழந்தைகளுக்கும் 50 வேண்டும். ஆனால் அரைப் படமாக எதற்கு? ஹெச்.டி. சானலுக்கு எடுத்துக் கொடுப்பதென்றால், அவர்கள் 50 ஐ கேட்டால், அப்படியே எடுக்கலாம். நம் கல்யாணத்தை எந்த சானல் கேட்கப் போகிறது? பார்க்கப் போவது ஃபோனில். தவணை வாங்கிக்கொள்ளும் திரையே இப்போது கடையில் கிடையாது. புது டி.வி.க்குத் தவணையைக் கொடுத்தால், உள்ளே இருக்கிற சிப் உட்கார்ந்து இரண்டையும் எப்படி ஒட்டுவது என்று ஊகம் செய்கிறது. சில டி.வி. நன்றாக ஊகிக்கும். சிலது அந்தக் கடைக்காரர் மாதிரி.

"தம்பி, உங்க சினிமா லுக்கும் நிஜம்தான்." பேசும் படம் வந்த காலத்திலிருந்து 24-லேயே பார்த்துப் பழகிய கண், அந்தக் குறைச்சலையே அழகு என்று வைத்துக்கொண்டுவிட்டது. 2012-ல் பீட்டர் ஜாக்சன் 'ஹாபிட்' படத்தை 48-ல் எடுத்துக் காட்டியபோது, 'டி.வி. சீரியல் மாதிரி இருக்கு' என்று பலர் முகம் சுளித்தார்கள். இரண்டு மடங்கு கொடுத்ததற்காகத் திட்டு வாங்கிய ஒரே வியாபாரி அவராகத்தான் இருப்பார். ஆனால் 50 ஹெர்ட்ஸ் ஊரில் 24 ஒட்டாது. சினிமா லுக்குக்கு 25 போதும். சினிமாப் படங்களையே 50 ஹெர்ட்ஸ் ஊர் டி.வி.களில் 25-ஆக வேகப்படுத்தித்தான் காட்டிவந்தார்கள். 150 நிமிஷப் படம் 144-ல் முடிந்துவிடும். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"25-ல எடுத்துட்டுத் தேவைப்பட்டா நடுவுல சாஃப்ட்வேர் வெச்சு 50 ஆக்கிக்கலாம் சார். இப்பல்லாம் ஏ.ஐ. இருக்கு" என்றார் தம்பி.

"ஆக்கும். ஆனா அது அவர் நடை இல்லை" என்றேன். தம்பிக்குப் புரியவில்லை. அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

அத்தானின் 30 பி-க்கு வேறு சிக்கல். நம் ஊர் ட்யூப் லைட்டும் மலிவு எல்.இ.டி.யும் செகண்டுக்கு 100 தடவை துடிக்கும். கேமரா ஷட்டர் 50-ல் ஒரு பங்கு திறந்தால் இரண்டு துடிப்பு, 100-ல் ஒரு பங்கு திறந்தால் ஒரு துடிப்பு. எல்லாப் படத்துக்கும் சமமான பங்கு. அமெரிக்க வழக்கப்படி 60-ல் ஒரு பங்கு திறந்தால் ஒன்றும் மூன்றில் இரண்டும். ஒரு படத்துக்கு வெளிச்சம் கூடும், அடுத்ததற்குக் குறையும். மண்டபமே மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும். "கேமராவைக் கொண்டாங்க அத்தான், ஆனா 'பால்' மோடுல வைங்க" என்றேன். "பாலா, எந்தப் பால்?" என்றார். அக்கா போனை வாங்கிக்கொண்டாள். (உங்கள் ஃபோனிலும் இது உண்டு. வாங்கும்போதே 30-ல் இருக்கும். சிலவற்றில் செட்டிங்குக்குள் 'பால்' வடிவங்களைக் காட்டு என்று ஒரு ஸ்விட்ச் ஒளிந்திருக்கிறது.)

தீர்ப்பு: எல்லோரும் 50 பி. ஷட்டர் 50-ல் ஒரு பங்கு.

ஏன் என்றால், 50 முழுப் படத்தில் ஒன்று விட்டு ஒன்று எடுத்தால், 25-லேயே எடுத்த மாதிரி அதே அசைவு, அதே லேசான கலைசல். தம்பிக்கு சினிமா லுக். அத்தை மூக்கை உறிஞ்சுவதைப் பாதி வேகத்தில் காட்டவேண்டுமா, அதற்கும் சரக்கு இருக்கிறது. மண்டபத் திரைக்கு 50 ஐ வேண்டுமா, ஒவ்வொரு முழுப் படத்திலிருந்தும் ஒரு பாதியை எடுத்து அனுப்பிக்கொள்ளலாம். பெரிய நோட்டை வைத்துக்கொண்டு எங்கேயும் சில்லறை மாற்றலாம். வரவு வைக்காத பணத்துக்குத்தான் செலவு எழுத முடியாது.

"50 பி-ல இருட்டாயிடும் சார்" என்றார் ட்ரெடிஷனல். ஷட்டர் அதே 50-ல் ஒரு பங்குதானே, வெளிச்சமும் அதேதான் என்றதும் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். "என் கேமராவுல 4கே-ல 50 வராது சார்" என்றார் தம்பி. "அப்ப 1080-ல எடுங்க" என்றேன். கன்னத்துப் பருவை எண்ணுவதை விட நடை முக்கியம்.

"மெமரி கார்டு எக்ஸ்ட்ரா ஆகும்" என்று ஒரு தொகை சொன்னார்கள். பேரம் பேசாமல் சரி என்றேன். மனைவி வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னொண்ணு. பந்தியை முழுசா எடுக்கணும். வெட்டாத ஒரிஜினல் ஃபைலும் எனக்கு வேணும்."

"பந்தியை யார் சார் பாப்பாங்க?"

"இப்ப யாரும் பாக்க மாட்டாங்க" என்றேன். "முப்பது வருஷம் போகட்டும்."

* * *

அன்று ராத்திரி அம்மாவை உட்காரவைத்து, லேப்டாப்பை டி.வி.யில் மாட்டி, முதல் ஃபைலைப் போட்டேன். பழைய கேசட்தான். கலர் ஓரத்தில் வழிகிறது. கீழே ஒரு கோடு நடுங்கிக்கொண்டே இருக்கிறது. நடுநடுவே பூஞ்சையின் வெள்ளைப் பொறி. அதற்கு நடுவில், பந்தி வரிசையின் கோடியிலிருந்து, வாளியோடு அப்பா வந்தார். இடது காலை எடுத்தார். லேசாக இழுத்தார். வைத்தார்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "இன்னொரு தடவை போடு" என்றாள்.

ஏழு தடவை போட்டேன். மகள் பாத்ரூம் வாளியை எடுத்துவந்து, ஹாலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தாள். மூன்றாவது நடையில் பிடித்துவிட்டாள்.

எட்டாவது தடவை, அப்பா கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற இடத்தில், அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அந்தக் கட்டம் போட்ட சட்டை வேண்டாம், வேண்டாம்னு அன்னிக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். பாரு, எப்படி ஆடுது!"